ஆறே ஆசான்

மக்கள் பயின்ற தொழில்களுள் மீன்பிடித்தல் மிகத் தொன்மையானது. கடற்கரையில் வாழ்வோர் அதனைப் பிழைப்பிற்குரிய தொழிலாகக் கொண்டனர். ஆற்றங்கரையில் வாழ்வோருள் சிலர் அதனை ஓர் அரிய கலையாகவும் வளர்த்தனர். வலையும் படகுமின்றி, ஒரு கோலும் ஒரு கயிறும் ஒரு முள்ளும் கொண்டு, ஓடும் ஆற்றில் தனித்து நின்று பெருமீனைப் பிடிப்பது அக்கலை. வட அமெரிக்காவின் மேலைக் கரையில் அஃது ஸ்டீல்ஹெட் என்னும் மீனைச் சார்ந்து சிறந்து விளங்குகின்றது. ஆயிரம் முறை தூண்டில் வீசினால் ஒரு மீன் அகப்படும் என்று அந்நாட்டார் கூறுவதுண்டு. இது மிகைக் கூற்றே ஆயினும், அக்கலையின் அருமையை நன்கு உணர்த்தும். கோலை வீசுதற்குக் கை சில திங்களிற் பழகிவிடும். ஆற்றைக் காண்பதற்குக் கண் பழகவோ பல்லாண்டுகள் வேண்டும். அக்கல்வி யாங்ஙனம் நிகழ்கின்றது, அது கற்றவனை எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

மீனின் வாழ்க்கை

ஸ்டீல்ஹெட் என்னும் பெயருக்கு எஃகுத்தலை என்பது பொருள். கடலினின்று புதிதாக ஆறேறி வரும்போது அதன் தலையும் முதுகும் எஃகின் நீலம் பாய்ந்து ஒளிரும். பக்கங்கள் வெள்ளியை ஒக்கும். உயிர்நூலார் இதனைத் தனியினமாகக் கொள்ளார். வானவில் டிரவுட் என வழங்கும் நன்னீர் மீனும் இதுவும் ஓரினமே. பிறந்த நீரிலேயே வாழ்நாள் முழுதும் தங்குவது டிரவுட். கடல் சென்று மீள்வது ஸ்டீல்ஹெட். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நம் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியில் வளர்த்து ஓடைகளில் விட்ட வானவில் டிரவுட்டும் இவ்வினத்தைச் சார்ந்ததேயாம். நீலகிரி மீன் கடலைக் காணாது. அதன் உறவாகிய ஸ்டீல்ஹெட்டோ பசிபிக் மாகடலின் நடுவரை சென்று திரும்பும்.

இளவேனிற் காலத்தில் தாய்மீன் தெளிந்த ஓடையின் சரளைக் கற்களை வாலால் அடித்துப் பள்ளஞ்செய்து, அதில் முட்டையிட்டுக் கற்களால் மூடும். முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சுகள் ஓராண்டு முதல் மூவாண்டு வரை ஓடையில் வளரும். பின்பு கடலுட் புகுந்து, மேலும் ஓராண்டு முதல் மூவாண்டு வரை அங்கே உண்டு பருக்கும். முட்டையிடும் காலம் நெருங்கியதும், தான் பிறந்த நீரின் மணத்தை அறிந்து அவ்வாற்றிற்கே மீளும். கொலம்பியா ஆற்றின் வழியாக ஐடஹோ மாநிலத்தின் மலையோடைகளுக்குச் செல்லும் மீன்கள் 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகின்றன. பசிபிக் சால்மன் மீன்கள் முட்டையிட்டவுடன் மாண்டுபோகும். ஸ்டீல்ஹெட் மீன்களுட் சில பிழைத்துக் கடல் சென்று, மீண்டும் ஒருமுறை ஆறேறி வருதலும் உண்டு.

ஆற்றுட் புகுந்த இம்மீன் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. கடலில் உண்டு சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. ஆதலின், பசியுள்ள மீனுக்கு இரை காட்டிப் பிடிக்கும் எளிய முறை இங்குப் பயன்படாது. மீன் நம்மைத் தேடி வாராது. நாமே மீன் தங்கியிருக்கும் இடத்தை அறிந்து, அதன் கண்முன்னே முள்ளைச் செலுத்துதல் வேண்டும். இளமையில் ஓடைப் பூச்சிகளை உண்ட பழக்கத்தாலோ, தன் இடத்திற் புகுந்ததன்மீது கொண்ட சினத்தாலோ அது முள்ளைக் கவ்வும் என்பர். இக்காரணம் பற்றியே, இக்கலையில் கோலையும் முள்ளையும்விட ஆற்றறிவு முதன்மை பெறுகின்றது.

வட அம்ப்குவா ஆறு

இக்கலைக்குப் பெயர்பெற்ற ஆறுகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஓடும் வட அம்ப்குவா ஆறு. காஸ்கேட் மலைத்தொடரிற் பிறந்து மேற்கு நோக்கி ஓடித் தென் அம்ப்குவாவுடன் கலந்து, அம்ப்குவா என்னும் பெயரொடு பசிபிக் மாகடலை அடைகின்றது. அதன் நீர் மரகதம் போன்ற பசுமை வாய்ந்தது, அடித்தளம் கரும்பாறை, இருமருங்கும் நெடிய ஊசியிலை மரங்கள். இவ்வாற்றின் ஒரு பகுதியில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்திற்கு, செயற்கை ஈயைத் தவிர வேறு எவ்வகை இரையும் பயன்படுத்தலாகாது என்னும் விதி 1952-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. செயற்கை ஈ என்பது பறவையின் இறகும் விலங்கின் மயிரும் நூலும் கொண்டு சிறு முள்ளின்மீது கட்டப்பெறும் பொய்யிரை.

ஆற்றைப் படித்தல்

இவ்வாற்றிற்குப் புதிதாக வருபவன் கண்ணுக்கு நீர்ப்பரப்பு முழுதும் ஒன்றாகவே தோன்றும். பயின்றவன் கண்ணுக்கோ அஃது எழுதப்பட்ட ஏடு போன்றது. நீர்மேற் காணும் ஒவ்வொரு சுருக்கமும், நுரைக் கோடும், வழவழப்பும் அடியிற் கிடக்கும் ஒன்றை அறிவிக்கின்றது. ஓரிடத்தில் நீர் திரண்டு மேலெழுமாயின், அதற்குச் சற்று மேற்புறத்தே பாறையொன்று மூழ்கிக் கிடக்கின்றது என்க. விரைந்த ஓட்டமும் மெல்லோட்டமும் அடுத்தடுத்து ஓடும் இடத்தில், அவற்றிற்கிடையே ஒரு தையல்போலக் கோடு தோன்றும். நெடுவழி வந்து களைத்த மீன் அக்கோட்டின் மெல்லோட்டப் பக்கத்திலே தங்கும். ஆண்டு வலிமை மிகுதியாகச் செலவாகாது. உயிர்க்காற்று நிறைந்த புதுநீரும் அருகே பாயும்.

மனிதன் இயல்பாக நடக்கும் வேகத்தில் ஓடுவதும், ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழமுள்ளதும், அடியிற் பாறைகள் கிடப்பதும் ஆகிய நீரே மீன் தங்கும் நீர் என்று பயின்றோர் கூறுவர். மடுவின் கடைப்பகுதியில், நீர் ஆழங்குறைந்து வழவழப்பாகி அடுத்த விரைநீருட் பாயுமுன் உள்ள இடமும் சிறந்ததே. கடுமையான விரைநீரை ஏறிக் கடந்த மீன் அவ்விடத்தில் இளைப்பாறும்.

மாணவன் செய்யும் முதற்பிழை ஒன்றுண்டு. மீன் யாவும் ஆற்றின் நடுவே இருக்கும் என்றெண்ணி, கரையோர நீருள் விரைந்து இறங்கிவிடுவான். விடியற்காலையில் மீன் கரையை ஒட்டியே கிடத்தலும் உண்டு. அவன் கால் பதித்த இடத்தினின்றே மீன் ஓடிப்போகும். ஆதலின், இறங்குமுன் நின்று பார்த்தல், அருகிலுள்ள நீரில் முதலில் வீசுதல், பின்னர்ச் சிறிது சிறிதாகக் கயிற்றை நீட்டுதல் என்பன தொடக்கப் பாடங்களாம்.

ஆற்றைப் படித்தற்கு ஏற்ற காலம் கோடையின் இறுதி. நீர் வற்றித் தெளிந்திருக்கும் அந்நாளில், கோலைக் கரையில் வைத்துவிட்டு, ஒரே மடுவை மேலிருந்து கீழ்வரை நோக்குதல் வேண்டும். எந்தப் பாறை எங்குள்ளது, எவ்விடம் பள்ளம், எவ்விடம் மேடு என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பாரும் உளர். மாரியில் நீர் பெருகி அவையனைத்தும் மறைந்தபோது, அவ்வேடே அவர்க்குக் கண்ணாகின்றது. பல ஆறுகளை ஒருமுறை காண்பதினும், ஓராற்றின் ஒரு மடுவைப் பலமுறை காண்பது மேல்.

நீரின் நிறமும் வெப்பமும் நோக்கத்தக்கன. பெருமழைக்குப் பின் ஆறு கலங்கிச் செந்நீராக ஓடும்போது மீனுக்கு முள் தெரியாது. வெள்ளம் வடிந்து, நீர் பசுமை பெற்று, ஒரு மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குப் புலப்படும் நாளே நன்னாள். நீர் மிகக் குளிர்ந்திருப்பின் மீன் மந்தமாகும். அப்போது முள்ளை ஆழமாகவும் மெதுவாகவும் செலுத்துதல் வேண்டும். சிறிது வெப்பமேறினால் மீன் ஊக்கம் பெற்று நீரின் மேற்பரப்புக்கும் எழும். வெப்பம் 20 பாகை செல்சியசை எட்டுமாயின் நீரில் உயிர்க்காற்று குறையும், மீனும் வருந்தும். அந்நாளில் அறிவுடையோர் கோலைச் சுருட்டி வைத்துவிடுவர்.

வீசும் முறை

ஆற்றின் போக்கிற்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகக் கயிற்றை வீசுதல் வேண்டும். நீரோட்டம் செயற்கை ஈயை ஒரு வில்வளைவில் மெல்ல இழுத்து, வீசுபவனுக்கு நேர்கீழே கொண்டுவந்து நிறுத்தும். அதன்பின் இரண்டு மூன்று அடி கீழ்நோக்கி நடந்து, மீண்டும் அவ்வாறே வீசுவர். இங்ஙனம் மடு முழுவதும், ஏர் உழுத நிலம்போல, ஒரு சாலும் விடுபடாமல் துழாவப்படும்.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கயிற்றின் நடுப்பகுதி விரைந்த ஓட்டத்தில் கிடக்குமாயின், அது கீழ்நோக்கி வளைந்து ஈயை அளவுக்கு மீறிய வேகத்தில் இழுக்கும். பயின்றவன் அதனை உடனே உணர்ந்து, கோலின் நுனியால் கயிற்றைத் தூக்கி, மேலோட்டத்தின் பக்கமாக எடுத்து இடுவான். காண்பதற்குச் சிறு செயல். ஆயினும் தேர்ந்தவனையும் தேராதவனையும் வேறு பிரித்துக் காட்டுவது இதுவே.

பின்புறம் மரங்கள் அடர்ந்த கரையில் கயிற்றைப் பின்னே வீசி எடுத்தல் இயலாது. இதற்கென ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்பே ஆற்றங்கரையில் ஒரு முறை வளர்ந்தது. நீண்ட கோலை இரு கைகளாலும் பற்றி, கயிற்றின் நுனி நீரைத் தொட்டிருக்க, அதனை அருகிலேயே வளைத்து முன்னே செலுத்துவர். அம்முறை இன்று அமெரிக்க ஆறுகளிலும் பரவியுள்ளது. இதிற் கைவலிமை வேண்டா. காலத்தோடு இயைந்த அசைவே வேண்டும். முள் இல்லாத கயிற்றைக் கொண்டு, புல்வெளியிலோ குளக்கரையிலோ நாள்தோறும் சிறிது நேரம் பயில்வோர் விரைவில் தேர்ச்சி பெறுவர்.

பொறுமையும் நெறியும்

காலமறிந்து செயலாற்றுதலைக் கூறவந்த திருவள்ளுவர் கொக்கினை உவமை காட்டினார். அசையாது காத்திருத்தலும், வாய்த்த பொழுதில் விரைந்து குத்துதலும் கொக்கின் இயல்புகள். ஸ்டீல்ஹெட் பிடிப்பவன் இவ்விரண்டனுள் முன்னதை மட்டும் கற்றல் வேண்டும் என்பது வியப்பிற்குரியது. மீன் ஈயைக் கவ்விய மறுகணமே கோலை வெடுக்கென்று இழுப்பானாயின், முள் மீனின் வாயினின்று நழுவிவிடும். கவ்விய மீன் தன் இடத்திற்குத் திரும்பும். திரும்புங்கால் கயிறு இறுகி, முள் அதன் வாயோரத்தில் தானே பதியும். அதுகாறும் ஒன்றும் செய்யாதிருத்தலே செய்யத்தக்கது. பல மணிநேரம் காத்திருந்தவனுக்கு அவ்வொரு நொடி வாளாவிருத்தலே கடினமாகின்றது. மீன் தொட்டுவிட்டுப் போயினும் தேர்ந்தவன் பதறான். சிறிது நேரம் விட்டு, முன் வீசிய அதே நீளத்தில், சிறிய ஈ ஒன்றை மாற்றிக் கட்டி வீசுவான்.

ஆற்றில் நடத்தலும் ஒரு கல்வியே. வட அம்ப்குவாவின் பாறைகள் பாசி படிந்து வழுக்குவன. ஆணி பதித்த காலணியும் ஊன்றுகோலும் இன்றி அங்கு இறங்குதல் ஆபத்து. ஒரு காலை நன்கு ஊன்றிய பின்னரே மறுகாலை நகர்த்துதல் வேண்டும். திரும்பி வரும் வழி தெரியாமல் முன்னே செல்லுதல் கூடாது.

ஒரே மடுவிற்குப் பலர் வரும்போது பின்பற்றும் ஒழுக்கமும் உண்டு. முன்வந்தவன் முன்னே செல்வான். பின்வந்தவன் அவனுக்கு மேற்புறத்தே இடம்விட்டு இறங்குவான். ஒருவரும் ஓரிடத்திலேயே நிலைத்து நில்லாமல், வீசுந்தோறும் கீழ்நோக்கி நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். இதனால் நல்லிடம் யாவர்க்கும் ஒருமுறை கிட்டும். இவ்வொழுக்கத்தைக் கல்லாதவன் எத்துணைத் தொலைவு கயிறு வீசினும் கல்லாதவனே.

பிடித்ததை விடுத்தல்

இக்கலையின் இறுதிப் பாடம், பிடித்த மீனை உயிருடன் விடுதல். பொரிப்பகங்களில் வளர்க்கப்பெற்ற மீன்களுக்கு, முதுகின்மேல் வாலுக்குச் சற்று முன்னே உள்ள சிறு துடுப்பைக் குஞ்சுப் பருவத்திலேயே நறுக்கி விடுவர். அத்துடுப்பு இல்லாத மீனை, விதி இடங்கொடுக்கும் ஆறுகளில், உணவிற்காகக் கொள்ளலாம். துடுப்பு முழுமையாக உள்ள மீன் ஆற்றிலே இயற்கையாகப் பிறந்தது; பெரும்பாலான ஆறுகளில் அதனை விடுத்தேயாக வேண்டும். ஒரு பெண்மீன் பல ஆயிரம் முட்டைகளைத் தாங்கி வருகின்றது. அதனைக் கொல்வது வித்துநெல்லைக் குத்தி உண்பதை ஒக்கும்.

விடுத்தற்கும் முறை உண்டு. முள்ளின் கூருக்குப் பின்னே எதிர்நோக்கி நிற்கும் மறுமுள்ளை முன்னரே நசுக்கிவிட வேண்டும். அப்போது முள் புண்ணை விரிக்காமல் எளிதிற் கழலும். மீனை நெடுநேரம் போராடவிட்டுக் களைக்கச் செய்தல் கூடாது. நீரைவிட்டு வெளியே எடுத்தலும் செவுளைத் தொடுதலும் தகா. நனைந்த கையால் மெல்லத் தாங்கி, ஓட்டத்தை எதிர்நோக்கப் பிடித்து, அது தன் வலிமையால் நீந்திச் செல்லும்வரை காத்திருத்தல் வேண்டும்.

ஆற்றைக் காத்த பெரியோர்

ஆற்றைக் கற்றவர் அதனைக் காவாதிருத்தல் இயலாது. இதற்குச் சான்றாக மூவரைக் கூறலாம்.

ரோடரிக் ஹெய்க்-பிரவுன் என்பார் 1908-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து, கனடாவின் வான்கூவர் தீவில் கேம்பெல் ஆற்றங்கரையிற் குடியேறியவர். சட்டக் கல்வி பெறாதவராயினும், தம் நேர்மையால் அவ்வூரின் மாஜிஸ்திரேட்டாகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஓராண்டின் பன்னிரு திங்களிலும் ஆறு விளங்கும் நிலையை விரித்துரைக்கும் அவர்தம் நூல் 1946-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் தீவின் ஏரியொன்று அணைக்கட்டால் மூழ்கவிருந்த காலத்து, அதனை எதிர்த்து 1950-களில் அயராது போராடினார். 1976-ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிராங்க் மூர் என்பார் 1944-ஆம் ஆண்டில் நார்மண்டிக் கரையில் இறங்கிப் போர்புரிந்த படைவீரர். போருக்குப் பின், 1957-ஆம் ஆண்டில், தம் மனைவியார் ஜீனுடன் வட அம்ப்குவா ஆற்றங்கரையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். அந்நாளில் மரம் வெட்டுவோர் ஓடைகளின் கரைவரை மரங்களை வீழ்த்தினர். நிழலிழந்த ஓடை நீர் வெப்பமேறிற்று. மண் சரிந்து சரளைக் கற்களை மூடிற்று. மீன் பிடிபடுவது பேராற்றில்; அது பிறப்பதும் வளர்வதும் சிற்றோடையில். ஆதலின் ஓடை கெட்டால் ஆறும் கெடும் என்பதை மூர் அரசினர்க்கும் மக்களுக்கும் இடையறாது எடுத்துரைத்தார். 2019-ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கர் பரப்புள்ள காட்டுப்பகுதி ஸ்டீல்ஹெட் மீனின் பாதுகாப்பிற்கென அவ்விருவர் பெயராலும் ஒதுக்கப்பெற்றது. மூர் 2022-ஆம் ஆண்டில் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

லீ ஸ்பென்சர் என்பார் தொல்பொருளாய்வில் ஈடுபட்டவர். வட அம்ப்குவாவின் கிளையாறாகிய ஸ்டீம்போட் ஓடையில் மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும், கோடையில் நூற்றுக்கணக்கான மீன்கள் ஒதுங்கும் அதன் மடுவொன்றில் கள்வர் மீன்களைக் கொல்லுதல் வழக்கமாயிருந்தது. ஸ்பென்சர் அம்மடுவின் கரையிலே ஆண்டுதோறும் பல திங்கள் தங்கிக் காவல் புரிந்தார். மீன்களின் ஒவ்வோர் அசைவையும் ஏட்டில் எழுதினார். தாம் தூண்டில் வீசும்போதும் முள்ளின் கூரை நறுக்கிவிட்டே வீசினார். மீன் எழுந்து ஈயைத் தொடுவதைக் காண்பதே அவருக்குப் போதுமானதாயிற்று.

இத்துணைக் காவல் இருந்தும் அவ்வாற்றின் இடர் நீங்கவில்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூண்ட பெருந்தீ கரையோர மரங்களைப் பரவலாக எரித்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் கடலினின்று மீண்ட மீன்கள் மிகச் சிலவே ஆனமையால், 2021 ஆகஸ்டு முதல் அவ்வாண்டு நவம்பர் இறுதிவரை அவ்வாற்றில் மீன்பிடித்தல் நிறுத்தப்பட்டது. எத்துணை வல்லவனாயினும், மீன் இல்லாத ஆற்றில் அவனுடைய வன்மை என்ன செய்யும்?

முடிவுரை

இக்கலையைக் கற்கத் தொடங்குபவன், மீனை எங்ஙனம் பிடிப்பது என்று ஆற்றை வினவுகின்றான். ஆறு விடையிறுக்கும்; ஆனால் உடனே விடையிறாது. கல்லையும் சுழியையும் நிழலையும் வெப்பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, ஆண்டுகள் சென்றபின், இம்மீன் இங்கு வருவதற்கு எவையெல்லாம் வேண்டும் என்பதை அவனுக்கு அறிவிக்கும். அதனை அறிந்தவன் மீனைக் கொல்ல விரும்பான். மீன் வருதற்குரிய ஆற்றையே காக்க விரும்புவான். நாம் பயிலும் கலை எதுவாயினும், அது நமக்குத் தரும் பொருளோடு நின்றுவிடாமல், அக்கலைக்கு இடமாக உள்ளதைப் பேணும் கடமையையும் கற்றுக்கொள்வோமாக. கற்றதன் நிறைவு அதுவேயாகும்.

பயிற்சி

1. ஸ்டீல்ஹெட், வானவில் டிரவுட் ஆகிய இரண்டற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?
2. மீன் தங்கும் நீரைப் பயின்றவன் எவ்வெவ் அடையாளங்களால் அறிகின்றான்?
3. மீன் கவ்வியவுடன் கோலை இழுத்தல் ஆகாது என்பது ஏன்?
4. சிற்றோடை கெட்டால் பேராறும் கெடும் என்பதை விளக்குக.
5. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஆறு, குளம், ஏரி ஆகியவற்றுள் ஒன்றை ஒரு திங்கள் நோக்கி, நீங்கள் அறிந்தவற்றைக் கட்டுரையாக எழுதுக.